மேஜையில் மூன்றாவது

பயிற்சி அறையின் கடைசி பெஞ்சில் தேவிகாவை உட்காரச் சொல்லியிருந்தார் மேனேஜர் ரஃபி அகமது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ஹீனா வகுப்பெடுக்கப் போகிறாள், சீனியர் என்ற முறையில் நீங்களும் கூட இருங்கள் என்றார். அந்த வகுப்பைத் தனக்குத் தரும்படி இரண்டு வருடமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் தேவிகா. அது அவருக்கு நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எந்தத் திரையைத் திறந்தாலும் ஒரு கிரிட் இருக்கும். லாட் என்று அவர்கள் சொல்லும் தோல் கட்டு, அதன் எடை, தரம் என்று எல்லாவற்றையும் வரிசை வரிசையாகக் காட்டும் கட்டம் அது. பார்க்க எளிதாக இருக்கும். அதற்கு நிரல் எழுத உட்காரும்போதுதான் புதியவர்கள் அழுவார்கள். ஹீனாவும் அழுதவள்தான். மதிய உணவு வேளைகளில், டிபன் பாக்ஸைப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு, தேவிகாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். தனக்கு வகுப்பு கிடைத்தால் அதை எப்படி நடத்துவேன் என்பதையும் அவளிடம்தான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். சொல்ல வேறு யாரும் இல்லை.

ஹீனா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினாள்.

"கிரிட்டுக்குள்ள இன்னா இருக்கு சொல்லுங்க? ஒண்ணுமே இல்ல. அது எங்க மாமியார் பீரோ மாதிரி. எல்லாத்தையும் காட்டும், ஒண்ணும் கைக்கு வராது."

பெண்கள் சிரித்தார்கள். தேவிகாவின் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தன. அந்த மாமியார் அவள் உண்டாக்கிய மாமியார். கல்யாணமே ஆகாத தேவிகா அதைச் சொன்ன அன்று ஹீனா வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறிப் போனாள். ஹீனாவுக்கு உண்மையிலேயே ஒரு மாமியார் இருந்ததால் கேலி இப்போது இன்னும் நன்றாக எடுபட்டது.

அடுத்து, தரம் பிரிக்கும் மேஜை வந்தது. மேஜையில் தோலை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம், கிடங்கில் சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். திரைதான் மேஜை, தகவல்தான் கிடங்கு. சொல்லுக்குச் சொல் அதேதான். தேவிகா எங்கே நிறுத்துவாளோ அங்கே ஹீனாவும் நிறுத்தினாள். தன் குரலை இன்னொருத்தி உடுத்திக்கொண்டு நடமாடுவதைப் போலிருந்தது தேவிகாவுக்கு. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வெட்கம். திருடியவள் நிமிர்ந்து நிற்க, பறிகொடுத்தவளுக்கு ஏன் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு ஹீனா ஒரு லாட்டை எப்படி நீக்குவது என்று காட்டினாள். திரையில் எத்தனையாவது வரியோ, அதே எண்ணுள்ள வரியைத் தகவலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். தேவிகா நிமிர்ந்தாள். அது தப்பு. எடைப்படி வரிசையை மாற்றிவிட்டால் திரையில் மூன்றாவதாக இருப்பது தகவலில் மூன்றாவதாக இருக்காது. வேறொரு லாட் அழிந்துபோகும்.

இவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தபோதே பதிலும் வந்துவிட்டது. உதவி கேட்டு வரும் புதியவர்கள் அந்தத் தப்பைத் தாங்களே செய்து கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது தேவிகாவின் வழக்கம். ஹீனா சேர்ந்த புதிதில் அவள் குழந்தைக்கு ஓயாமல் காய்ச்சல். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அவளுக்கு எதற்கு இந்தப் பேஜார் என்று, அவள் போன பிறகு அவள் நிரலில் அந்த ஒரு வரியை மட்டும் தேவிகாவே திருத்திவைத்துவிடுவாள். ஹீனா ஒருநாளும் அந்தப் பள்ளத்தில் விழுந்ததில்லை. அங்கே பள்ளம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது வரிசையில் இவாஞ்சலின் என்ற பெண், ராணிப்பேட்டைக்காரி, எடைப்படி மாற்றிவிட்டு மூன்றாவது லாட்டை நீக்கினாள். வேறொன்று காணாமல் போயிற்று. மறுபடி செய்தாள். மறுபடியும் வேறொன்று.

"மிஸ், நான் இன்னாவோ தப்பா அமுக்கிட்டேன் போல."

ஹீனா வந்து குனிந்து பார்த்தாள். தானும் செய்து பார்த்தாள். அவள் கழுத்து சிவந்தது. தலையைத் தூக்கி நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் தேவிகாவைப் பார்த்தது அப்போதுதான். கதவருகே ரஃபி அகமது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பேசாமல் இருந்தால் போதும். இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். தேவிகா அதை முழுதாக விரும்பினாள். அந்த விருப்பத்தின் இனிப்பு நாக்கில் தட்டியது. ஆனால் இவாஞ்சலின் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், குற்றம் அதில்தான் ஒட்டியிருக்கிறது என்பதுபோல.

தேவிகா எழுந்து அவளிடம் போனாள்.

"நீ சரியாத்தான் அமுக்கின. மேஜைல மூணாவதா இருக்குன்னு கிடங்குல மூணாவது கட்டைத் தூக்கினு வந்தா, மேஸ்திரி நம்மளத் தூக்கி தோல் பதப்படுத்துற டிரம்முல ஊறப் போட்ருவாரு. தோலு மேல முத்திரை நம்பர் இருக்குல்ல, அதப் பாத்து எடுக்கணும்."

நிரலில் அந்த வரியைத் திருத்திக் காட்டினாள். அறை முழுக்கச் சிரித்தது. ரஃபி அகமதும் சிரித்தார். வெளியே வந்ததும், ஹீனா நன்றாக நடத்துகிறாள், சந்தேகம் தீர்க்க நீங்கள் பக்கத்தில் இருப்பதும் வசதிதான், இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹீனா தண்ணீர் கேனருகே காத்திருந்தாள். பாடம் யாருடையது என்று சார் கேட்கவே இல்லை, அதனால்தான் சொல்லவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைய மாட்டிக்க விட்ருவீங்கன்னுதான் நெனச்சேன்க்கா."

"உன்னைய விட்டேன். அந்தப் பொண்ணைத்தான் விட முடியல."

ஹீனாவின் கண் கலங்கியது. அது பொய்யில்லை என்று தேவிகாவுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

மதியம் அடுத்த குழு வந்தது. பக்கத்தில் இருக்க முடியாது, வேலை இருக்கிறது என்று தேவிகா தன் மேஜைக்குத் திரும்பிவிட்டாள். பயிற்சி அறைக்கும் அதற்கும் நடுவில் இருந்தது மெல்லிய பலகைத் தடுப்பு. மாமியார் பீரோ கேலிக்குச் சிரிப்பு எழுந்தது. பிறகு ஹீனாவின் குரல், கொஞ்சமும் தடுமாறாமல்:

"இப்ப எடைப்படி மாத்திட்டு மூணாவத நீக்குங்க. ஒரு தப்பு நடக்கும். நீங்களே கண்டுபிடிங்க, நான் சொல்ல மாட்டேன்."

தேவிகா கைகளை விசைப்பலகையின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே பெண்கள் கிசுகிசுத்தார்கள், நாற்காலிகள் நகர்ந்தன. மேஸ்திரியின் டிரம் கேலி வரப்போகும் இடம் அவளுக்குத் தெரியும். அவள் எதிர்பார்த்த இடத்திலேயே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.