டெமெட்ரி விடாத ஸ்டீயரிங்

டெமெட்ரி பூன் என்ற பையனை அவன் ஓட்டிய காரின் ஸ்டீயரிங்கோடு சேர்த்துத்தான் அடக்கம் செய்தோம். இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தான், விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். விரலுக்கு அடியில் தட்டை இரும்பைச் செருகி நெம்பிப் பார்த்தார்கள். ரம்பம் வைத்ததில் ரம்பத்தின் பல்தான் மழுங்கியது. கடைசியில் அதைத் தாங்கியிருந்த தண்டைக் கீழே அறுத்து, அவனையும் அதையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் மாதம் அது. எங்கள் ஊர் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியது, அந்த மாதத்தில் காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு வயது பதினேழு.

எங்கள் கறுப்புப் பிள்ளைகள் வண்டி ஓட்டப் பழகும்போது முதல் பாடம் பிரேக் அல்ல, கை. வீட்டு வாசலில் நிறுத்திய காரில் பிள்ளையை உட்காரவைத்து, அப்பாவோ மாமாவோ போலீஸ் வேஷம் கட்டுவார். டார்ச்சால் கண்ணாடியை இடிப்பார், வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார். பிள்ளை சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. ஸ்டீயரிங்கைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, பத்து இருக்கும் இடத்தில் இடது கையும் இரண்டு இருக்கும் இடத்தில் வலது கையும் வைத்திருக்க வேண்டும். பேச்சுக்குப் பேச்சு சார் போட வேண்டும். எதை எடுப்பதானாலும் முதலில் வாயால் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே கையை அசைக்க வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கிடையாது. அந்த நேரத்தில் அவர்கள் வேறு ஏதாவது கற்றுக்கொள்கிறார்கள்.

டெமெட்ரியின் அப்பா வெண்டல் பூன் நகரப் பேருந்து ஓட்டுபவர். மனைவி இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். இந்தப் பாடத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக்கூட அவரிடம்தான் அனுப்புவோம். தன் மகனுக்கு மட்டும் அவர் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தார்: எது நடந்தாலும் சரி, நான் வந்து விடுன்னு சொல்ற வரைக்கும் ஸ்டீயரிங்கை விடாதே. சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை அவன்.

அன்று கோழி இறக்கை பொரிக்கும் கடையில் வேலை முடித்து, பக்கத்து இருக்கையில் வீட்டுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தான். கண்ணாடியில் வாசனை அட்டை தொங்குகிறது, அது பார்வையை மறைக்கிறது என்று நிறுத்தினார்கள். நிறுத்திய போலீஸ்காரன் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காதே என்றான். அடுத்த மூச்சில் லைசென்ஸை எடு என்றான். துவைத்த துணி மூட்டையோடு பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண் இரண்டையும் கேட்டாள், டெமெட்ரி சொன்னதையும் கேட்டாள்: "சார், லைசென்ஸ் பின்பாக்கெட்ல இருக்கு. நீங்க சரின்னா வலது கையை எடுக்கிறேன்." சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுட்டான்.

இருக்கைக்கு அடியில் பையன் கையை விட்டான், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்று அவன் சொன்னான். அவன் மேலதிகாரிகளும் அதையே சொன்னார்கள். சட்டையில் மாட்டியிருந்த கேமரா அன்றைக்கென்று வேலை செய்யவில்லையாம், அது வேலை செய்யும் நாள் எது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அப்படியானால் கை ஏன் ஸ்டீயரிங்கில் இருக்கிறது என்று கேட்டதற்கு, குண்டு பட்ட பிறகு கொண்டுபோய் வைத்துக்கொண்டிருப்பான் என்றார்கள். நெஞ்சில் மூன்று குண்டை வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை நிதானமாகப் பத்தையும் இரண்டையும் தேடிக் கை வைத்தானாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? தொலைக்காட்சிக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள்.

பிணக்கிடங்கில் மருத்துவர், செத்த உடம்பு விறைப்பது சகஜம், ஓரிரு நாளில் தளர்ந்துவிடும் என்றார். முழங்கால் தளர்ந்தது, கழுத்து தளர்ந்தது, விரல் மட்டும் அப்படியே இருந்தது. மகனைக் காட்ட வெண்டலையும், டெமெட்ரியின் தங்கை ஜோனெல்லையும் உள்ளே விட்டார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வெண்டல் அவன் காதருகில் குனிந்து, "டெம், அப்பா வந்துட்டேன்டா. நீ..." என்று ஆரம்பித்தார். விடு என்ற சொல் இன்னும் வாயைத் தாண்டவில்லை, பையனின் இடது கைச் சுண்டுவிரல் ஸ்டீயரிங்கை விட்டு மெல்ல எழுந்தது. ஜோனெல் பாய்ந்து தன் உள்ளங்கையால் அப்பாவின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்கப்பா. அவன் விட்டுட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு? பிடிக்கவே இல்லைன்னு சொல்லிடுவானுங்க."

"அவனுக்குக் கை வலிக்கும்டி."

"வலிக்கட்டும். அந்தப் போலீஸ் உடுப்புப் போட்ட ஒருத்தன் வாயாலயாவது வரட்டும், அவன் கை இதுலதான் இருந்துச்சுன்னு. அப்புறம் சொல்லுங்க."

சுண்டுவிரல் திரும்பப் படிந்தது. அங்கே நின்ற ஊழியர்கள் இருவர் இதைப் பார்த்தார்கள், மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நகராட்சியின் வக்கீல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஸ்டீயரிங் வழக்குக்குச் சேர வேண்டிய பொருள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதை நாங்கள் எடுத்துக்கொள்வோம், பையனும் நிம்மதியாகப் போவான் என்றார். சுடும்போது அவன் நிம்மதி ஞாபகம் வரவில்லையா என்று ஜோனெல் கேட்டாள். வெண்டல் எழுந்துபோய் வக்கீலுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அன்று முதல் அந்தச் சொல்லை அவர் எதற்கும் பயன்படுத்தவில்லை. பேருந்துக் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பிள்ளைகளிடம்கூடக் கையை எடு என்பாரே தவிர, விடு என்று சொல்லமாட்டார்.

சைக்ஸ் அம்மாள் நடத்தும் ஈமச்சடங்கு நிலையத்தில் இருந்த எந்தச் சவப்பெட்டியின் மூடியும் அவன்மேல் மூடவில்லை. தச்சரை வைத்து மூடிக்கு ஒரு மேடு கட்டினார்கள். தேவாலயத்தில் அதையும் மூடக் கூடாது என்று ஜோனெல் நின்றுவிட்டாள். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் வரிசையை நடத்தினார்கள், பாட்டுக் குழு பாடியது, விசிறி அட்டை வீசியவர்கள் வீசிக்கொண்டே அழுதார்கள். பெட்டியருகில் வந்த ஒவ்வொருவரும் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியைப் போல அது சுட்டது. பிறகு கீழ்த்தளத்தில் பொரித்த கோழியும் மக்ரோனியும் கீரையும் வெண்ணெய்க் கேக்கும் பரிமாறினார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்ட கையோடு சாப்பிட்டவர்களுக்கு உள்ளங்கைச் சூடு இரண்டு நாள் தணியவில்லை.

சுட்டவன்மேல் வழக்குப் போடலாமா என்று தீர்மானிக்கும் ஜூரி பூட்டிய அறைக்குள் கூடியது. துணி மூட்டைப் பெண் உள்ளே போய்க் கேட்டதைச் சொன்னாள். மருத்துவர் விரலைப் பற்றிச் சொன்னார். ஸ்டீயரிங்கோடு அவன் கிடந்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமா? அவர்களுக்கு வேண்டியிருந்தது. வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று வெளியே வந்து சொல்லிவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். சுட்டவனை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், அங்கே அவனுக்குக் குளிர்ந்த அறை கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்குச் சில ஜன்னல்கள் உடைந்தன. ஜன்னலுக்காகப் பத்துப் பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள், அதற்கு மட்டும் கேமரா வேலை செய்தது.

விசாரணை முடிந்ததால் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழுப்பு நிறப் பியூக் கார், கண்ணாடி இல்லை, ஸ்டீயரிங் இருந்த இடத்தில் அறுபட்ட தண்டு. இழுவை வண்டிக்காரன் கொக்கியைக் கழற்றியதும் அது தானாக உருண்டு, டெமெட்ரி நிறுத்துவது போலவே வேலியை உரசும் அளவுக்கு ஒட்டி நின்றது. வெண்டல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜோனெல் மறுநாளே இருக்கையைக் கழுவினாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். பதினாறு முடிந்து லைசென்ஸ் வாங்கியதும் சாவியைத் திருகினாள், வண்டி கிளம்பியது. வேகமும் பிரேக்கும் அவள் கால், திருப்பம் மட்டும் அண்ணனுடையது. மூலையில் அவன் வழக்கம்போல அகலமாக வளைத்தான், அவள் வழக்கம்போல அவனைத் திட்டினாள். அவள் இடதுபுறம் திரும்பும் நேரத்தில் டெமெட்ரியின் கல்லறையின்மேல் புல் இடதுபுறமாகச் சுழன்று படிவதைத் தோட்டக்காரர் பார்த்தார். புல் வெட்டும்போது அந்தச் சுழி வழியாகவே வெட்டிக்கொண்டு போனார்.

அவள் காலையில் பள்ளிக்கும் மாலையில் தலைமுடி பின்னும் கடை வேலைக்கும் அதில்தான் போனாள். ஓட்டும்போது கை சும்மா இருப்பதால் ஒரு கையில் பழம் தின்றாள், மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்தாள். எந்த வழியாகப் போனாலும் வண்டி காவல் நிலையத்தைச் சுற்றித்தான் போகும். அங்கே வந்ததும் அவள் எவ்வளவு மிதித்தாலும் நடை வேகத்துக்கு இறங்கிவிடும். போலீஸ்காரர்கள் அதைத் தெரியாத மாதிரி இருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவர்களுக்கு ஒரு காரை மறைப்பது பெரிய காரியமில்லை.

புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், முடிதிருத்தும் கடைக்கு எதிரிலேயே அவளை நிறுத்தினான். இருபத்திரண்டு வயதிருக்கும், காது சிவந்திருந்தது. ஒரு கை துப்பாக்கி உறையின் மேல் இருந்தது. கடைக்குள் இருந்தவர்கள் பாதி வெட்டிய தலையோடு எழுந்து வெளியே வந்து நின்றார்கள்.

"கையை ஸ்டீயரிங் மேல வை," என்றான்.

"ஸ்டீயரிங் இல்ல சார்."

"என்கிட்ட விளையாடாதே. ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல."

ஜோனெல் இரண்டு கையையும் ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, விரலை விரித்துக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க அண்ணன்கிட்ட இருக்கு சார். சுடுறதுக்கு முன்னாடியே அவன் கையை எடுத்துட்டான்னு உங்க ஆளுங்கதானே சொன்னாங்க. எடுத்துட்டான்னா சும்மாத்தானே கிடக்கும்? போய் வாங்கிட்டு வாங்க. நான் கை வச்சுக்கிறேன்."

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். அறுபட்ட தண்டைப் பார்த்தான். அந்தத் தண்டு அவன் கண்முன்னே ஒரு விரல்கடை அளவு திரும்பி நின்றது. அவன் பின்னால் நகர்ந்து வயர்லெஸ்ஸில் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். எங்கள் முடிதிருத்தும் கடையில் போலீஸ் வயர்லெஸ் பேச்சைக் கேட்கும் பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், கெட்ட சேதி நமக்கு முன்னால் நம் வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்பதற்காக. அதனால் தெருவில் ஒரு தடவையும் கடைக்குள் ஒரு தடவையுமாக எல்லாவற்றையும் கேட்டோம்.

"அவ கை ஸ்டீயரிங்ல இருக்கா இல்லையா?" என்று மேலதிகாரி கேட்டார்.

"ஸ்டீயரிங்கே இல்ல சார்."

"இல்லாம எப்படிய்யா ஓட்டினா? எங்க போச்சு?"

அவன் ஜோனெல்லைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. "அந்தப் பையன் கையில சார். டெமெட்ரி பூன். ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கான். சுட்டப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். இன்னும் விடல."

ஊரின் ரோந்து வண்டிகள் அத்தனையிலும் அது கேட்டிருக்கும். அவன் துப்பாக்கி உறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, போகலாம் என்றான். ஜோனெல் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவைக் கல்லறைக்கு அழைத்துப்போனாள். நாங்கள் சிலர் வேலியோரம் நின்றோம். வெண்டல் பேருந்துச் சீருடையோடு முழங்காலிட்டு, புல்லில் வாயை வைத்தார். மாதக்கணக்காக வாயில் வைத்திருந்த சொல்லை அப்போதுதான் இறக்கி வைத்தார். "டெம், ஒருத்தன் சொல்லிட்டான்டா. போதும். இப்ப விடு." இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் தோள் இறங்கியிருந்தது. அழுதார், நன்றாக அழுதார்.

மறுநாள் காலை ஜோனெல் பயந்துகொண்டேதான் சாவியைத் திருகினாள். வண்டி பின்னால் வந்தது, வேலியை உரசாமல் வெளியேறியது, மூலையில் எப்போதும்போல அகலமாக வளைந்தது. அவன் விடவில்லை. வாசலில் நின்ற வெண்டல் அதைப் பார்த்து, "ஒருத்தன் சொன்னா எப்படிப் பத்தும்? மத்தவனுங்க இருக்கானுங்கல்ல," என்று சொல்லிவிட்டுத் தன் பேருந்தை எடுக்கப் போனார்.

இப்போதும் அந்தக் கார் காவல் நிலையத்தைச் சுற்றித்தான் போகிறது. முதலில் போலீஸ்காரர்கள் அதைப் பார்க்காமலிருக்க ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மூடினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், பின்னால் வருகிற வண்டிகள் ஆற்றங்கரை வரைக்கும் வரிசை கட்டும், திரை விலகும் வரை நகராது. இப்போதெல்லாம் காலையில் அவள் வரும் நேரத்துக்கு முன்பே யாராவது ஒருவர் எழுந்துபோய்த் திரையைத் திறந்து வைத்துவிடுகிறார்.