நாணலுக்குள் பதில்

கொரட்டூர் ஏரிக்கரையில் அகல்யா கைப்பேசியில் நாணல் கதிர்க்குருவியின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டாள். ஒவ்வொரு முறையும் நாணலுக்குள்ளிருந்து அதே பாட்டு பதிலாக வந்தது. இரண்டு குளிர்காலமாக அவள் தேடிய வலசைக் குருவி. பார்க்காமலே தன் பறவைப் பட்டியலில் பதிந்துவிட்டாள்.

நாணல் விலகியது. முழங்கால்வரை சேற்றுடன் ஒருவர் வந்தார், கையில் கைப்பேசி.

“இன்னா மேடம், பாடினது நீங்களா? குருவின்னு நெனச்சி அரை மணியா பதில் போட்டுகினு கீறேன்!”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வலசை வந்த இடத்தில் அது பாடுவது அபூர்வம். ‘டெக்’ என்று ஒற்றை ஒலிதான் எழுப்பும். பட்டியலில் போட்ட பதிவை அழித்தாள். இருவரும் கைப்பேசியை அணைத்தார்கள்.

சற்று நேரத்தில் நாணலுக்குள் ‘டெக்’ என்றது.

“எழுதிக்கோங்க மேடம்.”

“இருங்க,” என்று பைனாகுலரை எடுத்தாள்.