ஒரு மணி ஒன்பது நிமிடம்

போனைக் காதில் வைத்ததும் திரை கறுத்துவிடுவது எல்லாப் போனிலும் உள்ளதுதான். பானுமதியின் போன் காதிலிருந்து எடுத்த பிறகும் கறுப்பாகவே கிடந்தது. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினாலும் வெளிச்சம் வரவில்லை. எட்டு மாதமாக நிக்கோபாரின் தென்கோடியில், கேம்பல் பேயில் வேலையிலிருக்கும் கணவன் ஜெகநாதன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். நாலைந்து நிமிடம் பேசியதும் "வைக்கிறேங்க" என்பாள். வைப்பதற்குத் திரை இருக்காது. அவர் வைத்துக்கொள்ளட்டும் என்று சமையல் மேடையில் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். உறையைக் கழற்றிப் பார்த்தாள், ஈரத்துணியால் துடைத்தாள், ஒரு ராத்திரி முழுக்க அணைத்தும் போட்டாள். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை புரோத்ராபூரிலிருந்து பஸ் ஏறிப் போர்ட் பிளேர் பஜாருக்குப் போனாள். கடைக்காரர் ரவிச்சந்திரன் போனை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி எப்பக்கா ஒட்டுனீங்க?"

"போன மாசம். ரோட்டோரத்துல."

"அதுலதான் கட்பட், கோளாறு. மேல சின்னதா ஒரு சென்சார் இருக்கு. காது கிட்ட வந்தா திரைய அணைக்கும். கண்ணாடியோட கறுப்பு ஓரம் அத மூடிருச்சு. நீங்க இன்னும் காதுலயே வச்சிருக்கீங்கன்னு போன் நினைச்சுக்குது."

நகத்தால் நெம்பிக் கண்ணாடியை உரித்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க அழைப்புப் பட்டியலைத் திறந்தவர் சிரித்தார்.

"முக்கால் மணி, அம்பது நிமிஷம்னு பேசுறீங்களே. இது பாருங்க, ஒரு மணி ஒம்பது நிமிஷம். சார்ஜ் எங்க நிக்கும்?"

எல்லாம் ஜெகநாதனின் எண். அவன் ஒரு நாளும் வைக்கவே இல்லை.

ஒரு மணி ஒன்பது நிமிடம் என்றிருந்தது போன வாரப் புதன்கிழமை. அன்று போனைக் கவிழ்த்து வைத்த பிறகு பக்கத்து வீட்டுச் செல்லம் வந்து பூண்டு உரித்துக்கொண்டே, "அண்ணனுக்கு அங்க குவார்ட்டர்ஸ் கெடச்சிருச்சாமே, எப்பக்கா கப்பல் ஏறுறீங்க?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாததைப் பானுமதி அப்போது சொன்னாள். "போகணும்னே தோணல செல்லம். அவரு இல்லாம நல்லாத்தான் இருக்கேன். பயந்து பயந்து சோறு போட வேண்டியதில்ல." செல்லம் சிரித்தாள். பானுமதி சிரிக்கவில்லை.

மறுநாள் ஜெகநாதன், "குவார்ட்டர்ஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். கூரை ஒழுகுது" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தான். பதினாலு வருஷத்தில் கேட்காத கேள்வி. தூரம் மனுஷனை மாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பட்டியலில் புதனுக்குப் பிறகும் நிமிடங்கள் குறையவில்லை.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மழையில் நனைந்திருந்தது. நின்றபடியே கூப்பிட்டாள்.

"போன் சரியாயிருச்சுங்க."

"அப்படியா. நல்லது."

"போன வாரம் புதன்கிழமை நான் பேசுனத கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "கேட்டேன்."

"அப்புறமும் ஏன் வைக்கல?"

"நீ வேலை செய்யறப்ப பாடுற. நான் வீட்டுல இருந்தப்ப ஒரு நாளும் பாடினதில்லியே."

அவளுக்கே அது தெரியாது. எந்தப் பாட்டு என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

"கூரை நெசமாவே ஒழுகுதா?"

"இல்ல."

புரோத்ராபூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "சலோ, சலோ" என்று தகரத்தைத் தட்டினான். பை, குடை, வாழைத்தாரோடு ஜனம் முண்டியடித்து ஏறியது.

"பானு, என்னைப் பாத்தா அவ்வளவு பயமாவா இருந்துச்சு?"

"ஆமாங்க" என்றாள்.

கண்டக்டர் அவளைப் பார்த்துக் கையசைத்தான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, முந்தானையால் பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு திரும்பி, மேட்டில் ஏறிப் போயிற்று.