முத்திரை இல்லாத முட்டைகள்

ஆய்வுக்கூடத்திலிருந்து பேசிய பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். வீப்கா சோதனைக்கு அனுப்பிய கோழித்தீவனத்தில் மரபணு மாற்றிய சோயா கலந்திருந்தது, மரபணு மாற்றாத தீவனம் என்று சொல்லச் சட்டம் அனுமதிக்கிற அளவைவிடப் பல மடங்கு.

வீப்கா முற்றத்துக்கு ஓடினாள். வடகடல் கரையோரத்தில் அவளும் தம்பி தோர்பெனும் சேர்ந்து நடத்தும் பண்ணை அது. வண்டியில் முட்டைகளை ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை முத்திரை: ‘மரபணு மாற்றிய தீவனம் தின்னாத கோழிகள்’. பக்கத்து நகரமான ஹூசுமின் கடைவீதியில் அவற்றை விற்கும் கடையில் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

“தோர்பென், வண்டிய எடுக்காதே!”

விஷயத்தைக் கேட்டும் அவன் ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கவில்லை.

“தீவன ஆலைக்காரன் பண்ணின தப்பு. அடுத்த லோடு நல்லதா வாங்கிக்கலாம்.”

“இந்த முட்டைய என்ன பண்றது?”

“தின்னா யாருக்காவது வயிறு வலிக்குமா?”

“வலிக்காது. காலையில நானே தின்னேன்.”

“அப்புறம் என்ன? முட்டைய உடைச்சுப் பாத்தாலும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கோழி என்ன தின்னுச்சுன்னு முட்டை சொல்லுமா?”

“சொல்லாதுடா. அதான் நாம சொல்லணும். அவங்க விஷமான்னு கேக்கல, என்ன தீவனம்னுதான் கேட்டாங்க.”

“பாதிரியார் மாதிரி பேசாதே. அந்தக் கடை ஒரு தடவை நம்மள வெளிய தள்ளிட்டா மறுபடி உள்ள விடாது.”

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். வண்டியின் பக்கக் கண்ணாடி அவள் தோளில் உரசியது. அவள் விலகியிருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

அவனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கடைக்குச் சொன்னால் தம்பி அங்கே அவமானப்படுவான். சொல்லாவிட்டால் மதியத்துக்குள் பெட்டிகள் விற்றுப்போகும். கடை நடத்தும் திருமதி லோரென்சனின் எண்ணை அழுத்தினாள்.

“தோர்பென் கொண்டுவர்ற முட்டைய முத்திரையோட விக்காதீங்க” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

“போன வாரம் கொடுத்தது?”

“அதுவும் இதே தீவனம்தான்.”

“வாசல்ல அறிவிப்பு ஒட்டுவேன். உங்க பண்ணைப் பேரும் அதுல இருக்கும்.”

“ஒட்டுங்க.”

தோர்பென் திரும்பி வந்தபோது ஒரு பெட்டிகூட இறங்கியிருக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான்.

“நீ போன் பண்ணினது எனக்குத் தெரியாது” என்றான். “தீவனம் சரியா இருக்கான்னு அந்தம்மா கேட்டாங்க. சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். வாங்க வந்தவங்க எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க, வீப்கா.”

“ரெண்டு தடவை கூப்பிட்டேனே.”

“பாத்தேன். பாத்துட்டுதான் எடுக்கல.”

அவன்மேல் இருந்த கோபம் அதற்குள் அவளுக்கு அடங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த முட்டைகளை முத்திரையை நீக்கிப் பாதி விலைக்கு ஒரு பிஸ்கட் ஆலைக்கு விற்றார்கள். தீவனம் தரும் ஆலையை மாற்றினார்கள். கோழிகள் புதுத் தீவனத்துக்கு மாறி, விதிப்படி காத்திருந்து, மறு சோதனையும் முடிந்த பிறகுதான் முத்திரை திரும்பக் கிடைத்தது. திருமதி லோரென்சன் முட்டைகளை ஏற்றுக்கொண்டார், ஆனால் வீப்கா கொண்டுவந்தால் மட்டும். தோர்பென் இன்றும் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தருகிறான். ஹூசுமுக்கு அவன் போவதில்லை.