அவள் வரைந்த இடது கால்

புது ஷூவை அவள் வரையவே மாட்டாள். கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஷூ யாருடையதும் இல்லை, மடங்கி, அழுக்காகி, குதிகால் தேய்ந்த பிறகுதான் அது ஒரு ஆளுடைய ஷூ என்பாள். எங்கள் டீ-ஷர்ட்டுகளில் எல்லாம் அப்படிப்பட்ட ஸ்னீக்கர்கள்தான். வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய ஷூவைப் படம் பிடித்து அனுப்புவார்கள். பிடித்ததை அவள் வரைவாள். தேர்வாகாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அனுப்புவார்கள்.

வரைவது அவள், என் மனைவி. அச்சடிப்பது அவளுடைய தம்பி. ஆறடிக்கு வளர்ந்த பிறகும் அவன் பெயர் சுண்டுதான். மடித்து, உறையில் போட்டு, முகவரி ஒட்டுவது அவர்களுடைய அம்மா, என் அத்தை. மற்றதெல்லாம் நான். மற்றது என்றால் இணையப் பக்கம், துணி, கூரியர், கோபப்படும் வாடிக்கையாளர். கல்லூரியில் நான் படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் நீள மேசையும் அலமாரியும். பின்னறையில் அச்சு மேசை. அதை ஒட்டி, முன்பு குளியலறையாக இருந்த இடத்தில், மஞ்சள் விளக்கு போட்ட இருட்டறை. அங்கேதான் ஸ்கிரீனில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில், படம் ஏற்றுவோம். கண்ணாடி மேல் படமுள்ள பிலிமை வைத்து, அதன் மேல் வெளிச்சம் பட்டால் இறுகும் மருந்து பூசிய ஸ்கிரீனைக் கவிழ்த்து, கீழிருந்து விளக்கைப் போட வேண்டும். பிலிமில் கறுப்பாக இருக்கும் கோடுகளில் மருந்து இறுகாது. தண்ணீர் அடித்தால் அந்த இடம் மட்டும் கரைந்து வழி விடும். அந்த வழியாகத்தான் மை துணிக்கு இறங்கும்.

பிலிமை எந்தப் பக்கமாக வைப்பது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மாற்றித்தான் வைப்பாள். எங்கள் முதல் டீ-ஷர்ட்டில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்தது அப்படித்தான். நண்பர்கள் தலையில் கட்டினோம். அதன் பிறகு சட்டையின் மேல் எழுத்தே போடுவதில்லை. பிராண்டின் பெயர் கழுத்துக்குள் மட்டும்.

"இந்த அழகுல வரையுற கைக்கு, ஒரு பிலிமை ஒழுங்கா வைக்கத் தெரியலையே" என்று சுண்டு திருப்பி வைப்பான்.

"எல்லாத்தையும் நானே செஞ்சா உனக்கு என்னடா வேலை" என்பாள்.

போன வருடம் மழை தொடங்கும் முன் காய்ச்சல் என்று படுத்தாள். மழை விட்டபோது அவள் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் தன் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அதை அவள் அதுவரை வரைந்ததில்லை. இன்னும் தேயவில்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம், கொஞ்சம் தெம்பாக இருந்த நாள், இடது காலில் மட்டும் அதை மாட்டிவிடச் சொன்னாள். முழங்காலை மடக்கிக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கட்டில்ல ஷூவோட யாராவது ஏறுவாங்களா?"

"ஒரு காலுதாங்க" என்றாள் அவள்.

நர்ஸ் ஒரு பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து தலையணைக்கும் ஷூவுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போனார். முடித்ததும் அவள் காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். "போதும், தேஞ்சிருச்சு" என்றாள்.

அந்தப் படத்துக்கான துணி முன்பே தயாராக இருந்தது. வெள்ளை சோல் பழகப் பழக ஒரு மஞ்சளாக மாறுமே, அந்த நிறம் வேண்டும் என்று சாயக்காரரைப் படுத்தி எடுத்திருந்தாள். அவர் முதலில் போட்டது பழுப்படித்துவிட்டது. அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னாள். "புதுத் துணியை அழுக்காக்கித் தரச் சொல்ற முதல் ஆள் நீதாம்மா" என்றார் அவர். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. ஒரு தொட்டியில் விழுந்த நிறம் இன்னொரு தொட்டியில் அப்படியே விழாது, இனிமேல் கேட்காதே என்றும் சொல்லிவிட்டார்.

தைத்து வந்த சட்டைகள் அலமாரியிலேயே இருந்தன. காகிதத்தைப் பிலிமாக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. இணையப் பக்கத்தில் 'இருப்பு இல்லை' என்று போட்டுவிட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னேன். எல்லாம் பக்கத்து அறையில் வேறு யாரோ செய்வது போல இருந்தது.

அத்தைதான் ஒரு நாள் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இதைப் பூச்சி தின்னுறதுக்கா அவ அந்த மனுஷன்கூட அவ்வளவு மல்லுக்கு நின்னா?"

அன்று சாயங்காலம் சுண்டுவிடம் சொன்னேன். அவள் வரைந்தது வரைந்தபடி, ஒரு கோடு கூடக் குறையாமல் அந்தச் சட்டைகளில் இறங்க வேண்டும்.

"இறக்கிடலாம் மாமா. அப்புறம்?"

"அதோட போதும்."

"போதும்னா?"

"மூடிடலாம்."

நகத்தில் காய்ந்திருந்த மையைச் சுரண்டினான். "சரி" என்றான்.

மறுநாள் காலையில் தொடங்கினோம். ஸ்கிரீனை அவன் முந்தின நாளே மருந்து பூசிக் காய வைத்திருந்தான். பிலிமை நான் வைத்தேன். எது மேல், எது கீழ் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, மூலைகளில் டேப் ஒட்டினேன். அதற்குள் வாசலில் கூரியர்காரர் கூப்பிட்டார். நான் போய்விட்டு வந்தபோது சுண்டு ஸ்கிரீனைக் கவிழ்த்து விளக்கைப் போட்டிருந்தான்.

தண்ணீர் அடித்தபோது கோடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கயிற்றின் முறுக்கு, முன்பக்க மடிப்பு, தையல் விட்டுப்போன ஒரு இடம், எல்லாம் வந்தன. பழைய துணியில் ஒன்று அடித்துப் பார்த்தோம். கோடு எங்கும் உடையவில்லை. மை எங்கும் பரவவில்லை. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

அவன் மையை இழுக்க, நான் சட்டையை எடுத்துக் காயப்போட்டேன். பேச்சு அதிகமில்லை. தள்ளு, எடு, துடை. நான் ஓரங்களைத்தான் பார்த்தேன். மை கனமாக விழுந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, ஊசித்துளை ஏதும் இருக்கிறதா. படத்தை நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுக்கில் இருந்த சட்டைகள் எல்லாம் முடிந்தன. சூடு காட்டி எடுத்ததை அத்தையின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் மேலாக இருந்ததை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது யாரோட காலு?"

"அவளோடதுதான் அத்தை."

"இல்லப்பா."

எழுந்து போனார். வாசல் மூலையில் அவளுடைய ஷூ அப்படியே இருந்தது. யாரும் அதை நகர்த்தியதில்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவோம். அத்தை இடது கால் ஷூவை எடுத்துவந்து சட்டையின் பக்கத்தில் வைத்தார்.

"சின்னதுல மாடிப்படியில உருண்டு இந்தக் காலை ஒடிச்சுக்கிட்டா. கட்டுப் பிரிச்ச பிறகும் சாய்ச்சு வச்சுத்தான் நடப்பா. நான் வாங்கிக் கொடுத்த செருப்புல எல்லாம் இடது தேஞ்சு ஓட்டை விழும், வலது புதுசா நிக்கும். வலது இப்படித் தேயாது அவளுக்கு."

ஷூவைப் பார்த்தேன். சட்டையைப் பார்த்தேன். மடிப்பும் தேய்மானமும் தையல் விட்ட இடமும் அதேதான். ஆனால் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தன. சட்டையில் இருந்தது வலது கால்.

சுண்டு இருட்டறைக்குள் போனான். கண்ணாடி மேல் பிலிம் இன்னும் இருந்திருக்கும். வெளியே வந்து மை டப்பாவின் மேல் உட்கார்ந்தான்.

"நான்தான் மாமா."

"என்ன நீதான்?"

"திருப்பி வச்சுட்டேன்."

"நான் சரியாத்தானே வச்சிருந்தேன். டேப்பெல்லாம் ஒட்டி."

"டேப்பைப் பிச்சுத்தான் திருப்பினேன். யோசிக்கவே இல்ல. உள்ள போனேன், பிலிம் இருந்துச்சு, கை தானா போயிடுச்சு." கையைப் பார்த்துக்கொண்டான். "அக்கா வச்சதுன்னு நெனச்சுட்டேன்."

பின்னறையில் குழாய் சொட்டியது.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருக்க வேண்டும். அந்த நிறத்தில் இனித் துணி கிடையாது. ஒரு கோடு கூடக் குறையக் கூடாது என்றேன், ஒரு கோடும் குறையவில்லை, கால்தான் மாறிவிட்டது. பதிலாக எனக்கு அவள் குரல்தான் கேட்டது. எல்லாத்தையும் நானே செஞ்சா உனக்கு என்னடா வேலை. சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. சுண்டு பயந்துபோய் நிமிர்ந்தான். சிரிப்பு நடுவழியில் வேறொன்றாக மாறியது. எத்தனையோ மாதமாக அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அத்தை என்னைப் பார்க்கவில்லை. விரித்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எருமை" என்றார் பிறகு, மகனைப் பார்த்து. "போய் மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், சுண்டு ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். தப்பு எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பதற்காம். அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதன் முன்னால் போய் நின்றவன் அப்படியே நின்றான்.

"மாமா. இங்க வாங்க."

போனேன். கண்ணாடிக்குள் அவன் மார்பில் இருந்தது இடது கால். அவள் வரைந்தபடியே. சாய்ந்த மடிப்பு, வெளிப்பக்கம் தேய்ந்த குதிகால், அவிழப்போவது போன்ற அவளுடைய முடிச்சு.

அத்தையும் எழுந்து வந்தார். மகனை ஓரமாகத் தள்ளவில்லை, அவன் கைக்கு அடியில் நுழைந்து கண்ணாடியை நெருங்கினார். சட்டையைத் தொடவில்லை. கண்ணாடியில் குதிகால் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஆடாம நில்லுடா" என்றார்.

அவன் ஆடாமல் நின்றான். கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரு வலது கால். போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பவருக்கு அவளுடைய கால். தூக்கிப் போட வேண்டிய சட்டைகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சட்டைக்குக் கீழேயும் அந்த ஷூ யாருடையது, எங்கெல்லாம் நடந்தது என்று நான்கைந்து வரி எழுதுவோம். அவள்தான் சொல்லுவாள், நான் தட்டச்சு செய்வேன். இதற்கு நானே எழுதினேன். 'இதை வரைந்தவரின் இடது கால். கண்ணாடி முன் நின்று பார்க்கவும்.' அதற்கு மேல் எழுத வரவில்லை. அப்படியே விட்டேன்.

சட்டைகள் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் கண்ணாடி முன் நின்று எடுத்த படங்களை அனுப்பினார்கள். முகங்கள் வேறு வேறு. எல்லோர் மார்பிலும் அவள் கால். அத்தை என் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வொன்றையும் பார்ப்பார். "இந்தப் பொண்ணு நல்லா நிமிர்ந்து நிக்குது" என்பார். "இவன் தலையைச் சீவிட்டு எடுத்திருக்கலாம்" என்பார். மூடுவதைப் பற்றிச் சுண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் உறைகளை ஒட்டி முடித்துவிட்டு அத்தை கேட்டார்.

"எனக்கு ஒன்னு வேணும். கண்ணாடி இல்லாம பார்க்கிற மாதிரி."

"அம்மா, நீ டீ-ஷர்ட் போடப் போறியா?"

"ஏன், எனக்கு உடம்பு இல்லையா? போட மாட்டேன். மடியில வச்சுப்பேன். உனக்கென்ன?"

சாயக்காரர் முதலில் பழுப்படித்துத் தந்த துணி ஒதுக்கியபடியே கிடந்தது. அதில் ஒன்று தைத்து வாங்கினேன். மாற்றி ஏறியிருந்த ஸ்கிரீனைச் சுண்டு கழுவி மறுபடி மருந்து பூசினான்.

இருட்டறைக்குள் நான் முதலில் போனேன். மஞ்சள் வெளிச்சத்தில் பிலிமைப் பார்த்தேன். இந்தத் தடவை படத்தைத்தான் பார்த்தேன், நிதானமாக. பிறகு அதைக் கண்ணாடி மேல் மாற்றி வைத்தேன். டேப் ஒட்டவில்லை.

சுண்டு ஸ்கிரீனோடு உள்ளே வந்தான். குனிந்து பார்த்தான். இந்தத் தடவை அவனும் நன்றாகப் பார்த்தான்.

"மாமா, மாத்தி வச்சிருக்கீங்க."

"எல்லாத்தையும் நானே செஞ்சா உனக்கு என்னடா வேலை."

அவன் ஸ்கிரீனைச் சுவரில் சாய்த்து வைத்தான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிலிமின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கித் திருப்பி வைத்தான்.