தோட்டுக்குச் சொந்தக்காரி

2003ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்து ஏல நிலையம் ஒன்றில், இறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்த பெண்ணொருத்தி தன் சொந்தத் தோட்டுக்கு விலை கேட்டு அட்டையை உயர்த்தினாள். உரோமக் கண்ணாடிக் குப்பிகளும் கிரேக்க மோதிரங்களும் விற்று முடிந்து, ஒற்றைப் பொன் தோடு அப்போதுதான் மேடைக்கு வந்திருந்தது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாரோ ஈமத்தாழி ஒன்றை உடைத்து எடுத்தது அது. பல கை மாறியதில், பழைய ஐரோப்பியக் குடும்பமொன்றின் சேகரிப்பு என்று அதற்குப் பெயர் வந்திருந்தது. இறந்தவள் கடைசி வரிசையில் வெறுங்காலுடன் இருந்தாள். தலைமுடியில் செம்மண் காய்ந்து கிடந்தது. தோடு இழுத்து நீண்ட இடது காதுச் சோணை தோளைத் தொட்டது. வாசலில் நின்றவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்தது போல அவளுக்கும் ஓர் அட்டையைக் கொடுத்திருந்தார்கள்.

வெள்ளைக் கையுறை போட்டு அந்தத் தோட்டைச் சபைக்குக் காட்டிக்கொண்டு நின்றவர் தில்லைநாதன். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, வடக்கு நோர்வேயில் மீன் வெட்டி, ஒஸ்லோவில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்து, ஒருவழியாகக் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போகும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். வேலை நிரந்தரமாவது அந்த மாதம் முடிவாக இருந்தது. இறந்தவள் எழுந்து நின்று, "அது என் காதினது. என் அன்னை இட்டது" என்றாள். பழைய தமிழ்தான், ஆனாலும் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காமல் போகவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று ஏலம் விடுபவர் அவரைக் கேட்டார். மண்டபம் முழுவதும் திரும்பி முதலில் அவளைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒரே நிறம். தன்னையும் அந்த மண் ஒட்டிய காலையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்பது தவிர அந்த நேரம் அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "கழிப்பறை எங்கே என்று கேட்கிறா" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். சபை மரியாதையாகச் சிரித்தது. தன் வழக்கு எடுத்துச் சொல்லப்பட்டுவிட்டது என்று நினைத்த இறந்தவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். நகரின் வசதியான பகுதியான வின்டரனில் இருக்கும் பல் வைத்தியர் ஒருவருக்குத் தோடு போயிற்று.

தனக்காகப் பேசியவர் என்ற நம்பிக்கையில் அவள் அவருக்குப் பின்னாலேயே வந்து, அதே ரயிலில் ஏறி, அவர் வீடு இருந்த ரொம்மனில் இறங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்த மனைவி வனஜா, "ஆரப்பா இவ?" என்று கேட்டார்.

"ஏலத்துக்கு வந்தவ."

"செத்து எவ்வளவு காலம்?"

"ரெண்டாயிரம் வருசம் இருக்கும்."

வனஜா அவளுடைய காலைப் பார்த்தார். "குளிருக்கை நிக்கவிடாமல் உள்ளை கூட்டிக்கொண்டு வாங்கோ. இவ சாப்பிட்டவவோ?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சின்ன அறையில் இருந்தாள். அவள் இருந்து எழும்பிய இடமெல்லாம் செம்மண் உதிர்ந்தது. வனஜா அதைக் கூட்டி அள்ளிப் பூச்சாடிகளில் போட்டார், மிளகாய்க் கன்றுகள் நன்றாக வந்தன. குடிவரவு அலுவலகத்தில் அவளைப் பதிந்தார்கள். பிறந்த நாள் தெரியாத எல்லோருக்கும் போடுவது போல ஜனவரி முதலாம் திகதி போட்டார்கள். தில்லைநாதனின் வேலை நிரந்தரமாயிற்று. காலையில் அவர் வெளிக்கிடும்போதெல்லாம் தோடு எப்போது வரும் என்று அவள் கேட்பாள். நாளைக்கு என்று அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார். அதைவிடப் பெரிய தண்டனை வனஜாவால் வந்தது. "பேரவையில் எனக்காக உரைத்தவன் உன் கணவன்" என்று இறந்தவள் சொன்னதைக் கேட்டு, வனஜா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார். கோயிலில், வெள்ளைக்காரருக்கு முன்னால் எழும்பிக் கதைத்த ஆம்பிளை என்று கோயில் தலைவர் சபாரத்தினம் அவருக்குச் சால்வை போர்த்தினார். தில்லைநாதன் அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ரயில் இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினார்.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், சாப்பாட்டு மேசையில் வைத்து அவர் சொன்னார். "நான் நீங்கள் சொன்னதைச் சொல்லேல்லை. எனக்கு உங்களோடை நிக்க வெக்கமாய் இருந்தது."

"பின் யாது உரைத்தாய்?" என்று இறந்தவள் கேட்டாள்.

அவர் எழுந்து போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டினார். அவள் வெள்ளைப் பீங்கானையும் அவரையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு இடது காதைக் கையால் மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வனஜா சோற்றுக் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினார். சித்திரை முடியும்வரை அவர் கணவனோடு கதைக்கவில்லை.

மறுநாள் தில்லைநாதன் ஏல நிலையத்தின் உரிமையாளரிடம் உண்மையைச் சொன்னார். அந்தக் காதைப் பார்த்தபோதே தோடு அவளுடையது என்று தனக்குத் தெரியும் என்றும், விற்றது விற்றதுதான் என்றும் உரிமையாளர் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையோடேயே வேலையும் போயிற்று. முதியோர் இல்லத்துச் சமையலறையில் தில்லைநாதனுக்கு வேறு வேலை கிடைத்தது.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வின்டரனுக்குப் போனார். பல் வைத்தியர் கெட்டவர் இல்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தில்லைநாதன் இம்முறை அப்படியே சொல்ல, கடைசிவரை கேட்டுவிட்டு, யோசிக்க வேண்டும் என்றார். கோப்பி ஊற்றித் தந்தார். அப்படி ஐந்து வருடங்கள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போவார்கள். வைத்தியர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தோட்டை அவளிடம் கொடுப்பார். அவள் போட்டுக்கொண்டிருந்து, போகும்போது கழற்றி வைப்பாள். ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கோப்பி குடிப்பார்கள். அவள் நோர்வேஜிய மொழி படித்து முடித்த பிறகு தில்லைநாதன் அங்கே தேவைப்படவில்லை. ஆனாலும் போனார்.

2009ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு ஞாயிறு, அவள் தோட்டைக் கழற்றாமலே எழுந்து மேலங்கியை மாட்டினாள். வைத்தியர் வெறும் கண்ணாடிப் பெட்டியை மூடிவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ரயிலில் தில்லைநாதன் வழக்கம் போல ஓர் இருக்கை தள்ளியே இருந்தார். ரொம்மனுக்கு முன்னால் பரிசோதகர்கள் ஏறினார்கள். ஒருவர் அவளுடைய காதில் தொங்கிய பொன்னையும் மடியில் உதிர்ந்திருந்த மண்ணையும் பார்த்துவிட்டு, பயணச்சீட்டைக் கேட்டார். அவள் மாதச் சீட்டைக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.