முதல் கேன்

என்னை வாய்க்காரி என்று சொல்லுங்கள், கோபக்காரி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொண்டு போய்விடுவேன். இரண்டும் உண்மைதான். ஆனால் பாலில் தண்ணீர் கலக்கிறவள் என்று சொல்லிவிட்டு ஒருவரும் என் முன்னால் நிற்க முடியாது. அதையும் ஒருநாள் சொன்னார்கள். பத்துப் பேர் கேட்கச் சொன்னார்கள்.

முதலில் என் வீட்டைச் சொல்கிறேன். ஹுன்னஸ்கிரிய டவுனிலிருந்து கீழே இறங்குகிற தேயிலைத் தோட்டத்து ரோட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தள்ளித் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்களே, அந்த வரிசையில் கடைசி வீடு. ஏழு பேர்ச் காணி. அதற்குள் வீடு, மாட்டுப்பட்டி, கம்பி வலை அடித்த கோழிக்கூடு, மூன்று ஆடுகளுக்கு ஒரு பரண். மிச்சமிருக்கிற மூலையில் லீக்ஸ் போட்டிருக்கிறேன், அதையும் ஆடு விட்டுவைத்தால்தான். நான் ராக்கம்மா. பதினாறு வருடம் கொழுந்து பறித்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு மாடு வளர்க்க வந்தபோது லயமே சிரித்தது. என் வீட்டுக்காரர் ராஜலிங்கம் தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்கிறார். அவர்கூட ஒரு கிழமை முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது யாராவது விருந்தாட்கள் வந்தால், உட்காரக் கதிரை போடுவதற்கு முன்னால் பட்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார், என்னமோ தானே சாணி அள்ளுகிற மாதிரி.

கோழி பதினொன்று, சேவல் ஒன்று. சேவலுக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. காலையில் கூட்டைத் திறந்தால் இறங்குகிற ஒவ்வொரு கோழியையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அது இரை பொறுக்கும். பசு இரண்டு. ஒன்று சினையாக இருக்கிறது. மற்றதுதான் டீச்சர். ஜேர்சிக் கலப்பு, கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வளையம். யார் பட்டிக்குள் வந்தாலும் தலையைத் தூக்கி, வீட்டுப்பாடம் செய்தாயா என்கிற மாதிரி ஒரு பார்வை. கழிச்சல் கண்டு பிழைக்காது என்று விட்ட கன்று அது. நான்தான் தூக்கி வந்து, போத்தலில் பால் கொடுத்து, சாக்கு போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்து எழுப்பினேன். இன்றைக்கு இந்தப் பிரிவிலேயே அதன் பாலுக்கு இணையாக ஒரு பால் இல்லை. தேத்தண்ணி ஊற்றினால் கோப்பையின் மேலே ஆடை மிதக்கும். பெருமை பேசுகிறேன் என்றால் பேசுகிறேன்தான். பேசக்கூடிய பால்.

முன்பெல்லாம் பால் எடுக்கிற இடம் மேலே டவுனில் இருந்தது. கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். பனியில் கை விறைத்துவிடும். போன மாசியில் எங்கள் பண்ணையாளர் சங்கம், பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் திருத்தி அங்கேயே பால் நிலையத்தைத் திறந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடமாக இருந்ததால் அந்தப் பெயர். என் வாசலில் நின்றால் அதன் தகரக் கூரை தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நஸீப் அண்ணன், அவர்கள் பேச்சில் நஸீப் நானா. அக்குறணைக்காரர், டவுனில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர். யாருடைய பாலாக இருந்தாலும் ஒரு குழலில் ஊற்றி, அதில் கண்ணாடி மீட்டரை மிதக்க விட்டுப் பார்ப்பார். மீட்டர் இருபத்தெட்டுக்கு மேலே நிற்க வேண்டும். கீழே அமிழ்ந்தால் பால் லேசு, தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாள் தொடர்ந்து அமிழ்ந்தால் அந்த ஆளின் பால் கணக்கு அட்டையை, நாங்கள் சொல்கிற காட்டை, வெட்டிவிட வேண்டும், பிறகு பால் எடுக்கக் கூடாது. அது சங்கத்தின் சட்டம். அந்தச் சட்டம் வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

நிலையம் திறந்த நாளிலிருந்து வரிசையில் என் கேன்தான் முதல் கேன். மலை மேலே இருக்கிற மேல் டிவிசன் ஆட்கள் வந்து சேருவதற்கு முன்னால், கறந்த கையோடு, நுரை அடங்காமல் ஓட்டமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். கையில் சூடு தெரியும். "பாத்துக்கங்க நானா, இப்பத்தான் மடியில இருந்து எறங்குச்சு" என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு ஒரு சந்தோசம். ஐந்து நாள் அவர் மீட்டர் பார்க்கவில்லை, சாமான் இன்னும் வந்து சேரவில்லை. ஆறாவது நாள் பார்த்தார்.

இருபத்தைந்து.

அவர் இன்னொரு தரம் ஊற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராக்கம்மா, கோவிக்க வாணாம். பால்ல தண்ணி சேந்த மாதிரி இரிக்கி."

"என்னா சொன்னீங்க?"

"நான் சொல்லல்ல. மீட்டர் சொல்லுது."

எனக்குப் பின்னால் நின்றவள் ரத்தினம்மா, மேல் டிவிசன். அவளுடைய மாட்டுக்கு விலா எலும்பை எண்ணலாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பால் இருபத்தொன்பது காட்டியது. "எங்க மாடு மெலிஞ்சதுதான், ஆனா பைப்புக்குப் பக்கத்துல கட்டுறதில்ல" என்றாள், மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. சண்டை பிடித்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. கத்தியதில் என்ன பிரயோசனம்? என் பால் காட்டில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு விழுந்துவிட்டது.

மறுநாள் கேனை வெந்நீரில் கழுவி, அடுப்பு மேலே கவிழ்த்துக் காயவைத்தேன். மடியைத் துடைத்த துணியைக்கூட இரண்டு தரம் பிழிந்தேன். புண்ணாக்கு ஒரு பிடி கூடப் போட்டேன். கறந்ததும் முந்திய நாளைவிட வேகமாக ஓடினேன், வழியில் யாரும் எதையும் செய்துவிடக் கூடாது என்று. மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

இருபத்துநாலரை. இரண்டாவது கோடு.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். செத்த வீட்டில் தொடுகிற மாதிரி ஒருத்தி என் தோளைத் தொட்டாள். நஸீப் நானா தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கி எப்பிடியாவது சரியாக் கொண்டாங்க ராக்கம்மா. ஒங்கட காட்ட வெட்ட எனக்கு மனசு இல்ல" என்றார்.

வேலை முடிந்து வந்த ராஜலிங்கத்திடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒருவேள கழுவுன தண்ணி கேன்ல நின்னிருக்குமோ, புள்ள?"

"நீங்களும் அதயே சொல்லுங்க! ஊரு சொன்னது பத்தாது!"

"நான் என்னா சொன்னேன் இப்ப..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். கோப்பைய வச்சிட்டு எந்திரிங்க."

பட்டிக்குள் போய் டீச்சரின் கழுத்தில் தலையை வைத்து அழுதேன். நன்றாகவே அழுதேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவளுக்கு இந்தப் பால்தான் பேர். அட்டை கடித்த காலோடு மலை ஏறி இறங்கிச் சேர்த்த பேர் அது. நாளைக்கு இன்னும் ஒரு கோடு விழுந்தால், நான் போகிற வழியெல்லாம் தண்ணிப்பால்காரி என்பார்கள். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தது. அழுது முடித்துவிட்டாயா என்று கேட்கிற அதே பார்வை. சரி, முடித்துவிட்டேன். என்ன செய்யலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மூன்றாம் நாள் விடிந்தபோது நான் பால் கறக்கவில்லை. டீச்சருக்குத் தும்புக் கயிறு போட்டேன், அதன் கன்றை முன்னால் விட்டேன், வெறுங்கையோடு ரோட்டில் இறங்கினேன். ராஜலிங்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பின்னால் வந்தார். பிள்ளைக்காம்பரா வாசலில் இருந்த வரிசை எங்களைப் பார்த்துத் தானாக விலகியது.

"நஸீப் நானா, ஒங்க பக்கெட்ட எடுங்க. நீங்களே கழுவி, நீங்களே தொடச்சிக் குடுங்க. நான் கேனும் கொண்டாரல, தண்ணியும் கொண்டாரல."

"இதென்ன ராக்கம்மா, மாட்டையே..."

"குடுங்கன்னா குடுங்க!"

கொடுத்தார். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். புது இடத்தில், இத்தனை பேர் சுற்றி நிற்க, பசு பாலை மேலே இழுத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் விடாது. கன்றை ஊட்ட விட்டேன், இழுத்துக் கட்டினேன், மடிக்குப் பக்கத்தில் குந்தினேன். காம்பு வெறுமையாக இருந்தது. "என் கண்ணுல்ல, என் ராசாத்தில்ல, மானத்த வாங்கிடாத" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு மடியைத் தடவினேன். கன்று ஒரு தரம் கத்தியது. டீச்சர் திரும்பி அதை நக்கியது, மடி இளகியது. பக்கெட்டின் அடியில் பால் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஏழு லீட்டர் கறந்தேன், என் மேல் இல்லாத கண் ஒன்றுகூட இல்லை.

நஸீப் நானா குழலில் ஊற்றினார். மீட்டரை விட்டார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார்.

"இருபத்தஞ்சு" என்றார்.

ரத்தினம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடியாத்தே, அந்த மாடே தண்ணிதான் கறக்குதா?"

"கண்ணு முன்னால கறந்தேன்ல?" என்று நான் சுற்றித் திரும்பினேன். "எங்க ஊத்துனேன் தண்ணிய? காட்டுங்கடி! எந்தக் கையில ஊத்துனேன்?"

நஸீப் நானா சிவப்புக் கோடும் போடவில்லை, பாலைப் பெரிய கேனிலும் ஊற்றவில்லை. "அல்லாஹ்வே, எனக்கு வெளங்கல்ல" என்று பக்கெட்டைக் கதவுக்கு வெளியே சிமெந்துத் தரையில் வைத்துவிட்டு மற்றவர்களின் பாலைப் பார்க்கத் தொடங்கினார். இருபத்தொன்பது, இருபத்தெட்டரை, முப்பது. எல்லாம் மேல் டிவிசனிலிருந்து நடந்து வந்த பால். நான் நகரவில்லை. டீச்சரைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். இரவு பெய்த மழையில் எங்கேயோ மண் சரிந்து பால் லொறியும் பிந்தியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் எழும்பினால் ஏதாவது பார்க்கக் கிடைக்கும் என்று நின்றிருப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பனிக் காற்று முகத்தில் அடித்தது. நுரை முழுக்க அடங்கி, பாலின் மேல் மஞ்சளாக ஆடை படிய ஆரம்பித்திருந்தது. ஒரு இலை விழப்போகிறதே என்று பக்கெட்டைப் பிடித்தபோது கைக்கு ஜில்லென்றிருந்தது. எனக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. ஆறு வருடமாக என் பால் முக்கால் மணி நேரம் பனியில் நடந்து, ஆறித்தானே டவுனுக்குப் போயிருக்கிறது? சூடாகக் கொண்டுபோனது இந்த ஒரு கிழமைதானே?

"நானா! இப்பப் பாருங்க. நல்லாக் கலக்கிட்டு, இப்ப ஊத்திப் பாருங்க!"

அவர் கலக்கி, ஊற்றி, மீட்டரை விட்டார். மீட்டர் ஒருதரம் ஆடிவிட்டு நின்றது. அவர் எண்ணைச் சொல்லவில்லை. குழலை அப்படியே தூக்கி ரத்தினம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இருபத்தொம்போதரை" என்று அவள் வாசித்தாள்.

நஸீப் நானா உள்ளே போய் மீட்டர் வந்த பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தார், படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. சூட்டுப் பாலில் பார்த்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், நுரை அடங்க வேண்டும், ஆறிய பிறகே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். முதல் ஆளாக வர வேண்டும், சூடாகக் கொடுக்க வேண்டும் என்று ஓடிய ஓட்டம்தான் என்னைக் கள்ளி ஆக்கியிருக்கிறது. நேற்று இன்னும் வேகமாக ஓடினேன், இன்னும் அரை குறைந்தது.

"ராக்கம்மாட பால்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றார் நஸீப் நானா. "பிழை என்ட. தாளப் படிக்காம உட்டது நான்."

"சத்தமாச் சொல்லுங்க நானா. மேல் டிவிசனுக்குக் கேக்கல."

அவர் சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாகச் சொன்னார். இரண்டு சிவப்புக் கோட்டையும் என் கண் முன்னாலேயே அடித்துக் கையெழுத்து வைத்தார். இன்னும் கையில் பிரஷ்ஷோடு நின்ற ராஜலிங்கம், "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் டீச்சரே தோற்றுவிடும்.

இப்போது பிள்ளைக்காம்பராக் கதவில் பலகை தொங்குகிறது, பால் ஆறிய பிறகே மீட்டர் பார்க்கப்படும் என்று. ஆனால் நான் பிந்திப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் கறந்த கையோடு ஓடிப்போய் நிலையத்து வாங்குப் பலகையில் முதல் இடத்தில் என் கேனை வைக்கிறேன். வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக் கோழிக்கூட்டைத் திறக்கிறேன், ஆட்டுக்குக் குழை கட்டுகிறேன். பால் அங்கே தனியாக ஆறிக்கொண்டிருக்கும். நேற்றுக் காலை, புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த யாரோ ஒருத்தி அதன் மூடியைத் திறந்து பார்க்கப் போயிருக்கிறாள். ரத்தினம்மாவின் குரல் என் வீடு வரைக்கும் கேட்டது.

"ஏய், கைய எடு! அது டீச்சர் பாலு. ராக்கம்மா வந்துதான் தொறப்பா."

நான் கூட்டுக்குள் குனிந்து நின்றேன். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஓட வேண்டிய அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பது முட்டையையும் பொறுக்கிச் சட்டிக்குள் வைத்துவிட்டு ஆறுதலாக நடந்து போனேன்.